போகிற போக்கில் ஓர் ஓட்டு

ஆல்டர் பே
29 அக்டோபர் 1978

அன்புத் தம்பி ஆர்வோவுக்கு,

டுலூத் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுவாய் என்று பார்த்தேன், வரவில்லை. வழியில் பனி இருந்திருக்கும். நல்லபடியாகத்தான் போயிருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். எல்சியின் இடுப்பு வலி தேவலையா? உன் ரத்த அழுத்த மாத்திரையைத் தேர்தல் அலைச்சலில் விட்டுவிடாதே. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை.

புதன்கிழமை நீ வந்து போனதிலிருந்து தெருவில் அதுதான் பேச்சு. ஆலைத் தொழிலாளர் சங்கத் தலைவரே அவ்வளவு தூரம் காரோட்டி வந்து, அத்தானை முதுகில் தூக்கிக்கொண்டு முற்றத்தைத் தாண்டிச் சவுனா நீராவி அறைக்குப் போனதைப் பக்கத்து வீட்டு லெம்பி சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். "தம்பின்னா இவன்தாண்டி தம்பி. எனக்கும் கூடப்பிறந்ததுங்க இருக்குதுங்களே, கிறிஸ்மஸுக்கு ஒரு கார்டு, அதோட சரி" என்று என் அடுப்படியில் உட்கார்ந்து புலம்பிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை தவிர வேறு நாளில் இந்த வீட்டில் சவுனா மூட்டியதே இல்லை. நீ சொன்னாய் என்றுதான் மூட்டினேன். செப்டம்பரிலிருந்து ஈரத்துணித் துடைப்பிலேயே கிடந்த உடம்பு, அன்றுதான் நன்றாக நீராவியும் தண்ணீரும் கண்டது. அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மறுநாளிலிருந்து அத்தான் அதிகம் பேசுவதில்லை. லூயி டெலோரி வழக்கம்போல ஏரி மீன் கொண்டுவந்தான். அவன் வந்தால் ஆலைக் கதை கேட்டுச் சிரிக்கிறவர், இந்தத் தடவை கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி படுத்துவிட்டார். லூயி தேர்தலில் உன்னை எதிர்த்து நிற்கிறான் என்பதற்காக அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. இருபது வருஷம் இரண்டு பேரும் ஒரே இயந்திரத்தில் வேலை பார்த்தவர்கள். ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அத்தானின் ஓட்டுச்சீட்டைத் தபாலில் சேர்த்தாயிற்று.

எல்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
ஹில்மா


டுலூத்
24 நவம்பர் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. எல்சி தினமும் உன் பேச்சுதான் எடுக்கிறாள். நாங்கள் இருவரும் சௌக்கியம்.

அத்தான் அடக்கத்துக்கு நான் வராதது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். என்ன செய்வது அக்கா, ஓட்டுகள் தபாலில் திரும்பி வருகிற வாரம். மேற்கே இரண்டு ஆலைகளில் லூயியின் ஆட்கள் என்னைப் பற்றிக் கன்னாபின்னாவென்று பேசித் திரிந்தார்கள். அங்கே போய் நிற்காமல் இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். அத்தானே இருந்தால் "போடா, வேலையைப் பாரு" என்றுதான் சொல்லியிருப்பார்.

சங்கத்தின் மலர் வளையம் வந்து சேர்ந்ததா? நாடாவில் எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லியிருந்தேன். அந்தப் புதன்கிழமையாவது வந்து பார்த்தேனே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

தனியாகப் பனி வாராதே. பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டுக்கொள்.

உன் தம்பி,
ஆர்வோ


ஆல்டர் பே
10 டிசம்பர் 1978

அன்புத் தம்பிக்கு,

உங்கள் இருவர் சுகமும் கேட்டு மகிழ்ச்சி. நான் இருக்கிறேன். காப்பி போடும்போது இன்னமும் இரண்டு கோப்பை எடுத்து வைக்கிறேன், பிறகு ஒன்றைத் திருப்பி வைக்கிறேன்.

வளையம் வந்தது. நாடாவில் சங்கத்தின் பெயரும் உன் பெயரும் நன்றாகத் தெரிந்தன. அத்தான் பெயருக்கு மட்டும் இடம் போதவில்லை போலிருக்கிறது.

பெட்டியைத் தூக்க முன்பக்கம் லூயி நின்றான். அவன் அழுததை ஊரே பார்த்தது. "தம்பி வரலையா?" என்று லெம்பி கேட்டாள். "வேலை" என்றேன்.

நீ ஜெயித்துவிட்டாய் என்று ஆலையில் சொன்னார்கள். வித்தியாசம் விரல்விட்டு எண்ணிவிடலாமாமே. அதில் ஒன்று இந்த வீட்டிலிருந்து வந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா ஹில்மா


டுலூத்
9 ஜனவரி 1979

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷத்தில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எல்சி உனக்கு ஒரு கம்பளி மேலாடை பின்னுகிறாள். எனக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது. காரணம் உங்கள் ஊர்க்காரன்.

லூயி தொழிலாளர் துறைக்குப் புகார் எழுதிப் போட்டிருக்கிறான். சங்கத்தில் சம்பளம் வாங்குகிற என்போன்றவர்கள் வேலை நேரத்தில் ஓட்டுக் கேட்கக் கூடாது என்பது சட்டம். சங்கத்துக் கார், தொலைபேசி, தாள் எதையும் அதற்குத் தொடக் கூடாது. ஆனால் சங்க வேலையாகப் போன இடத்தில், போகிற போக்கில் "என்னை மறந்துடாதீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் அது குற்றமில்லை. அக்டோபரில் நான் நோயாளி உறுப்பினர்கள் வீடுகளுக்குப் போனது முழுக்க முழுக்க ஓட்டுக்காகத்தான் என்கிறான் அவன். அப்படி என்று முடிவானால் தேர்தல் செல்லாது. திரும்ப நடத்த வேண்டும்.

அந்த வாரம் போன வீடுகளில் உன் வீடும் ஒன்று. கார்வர் என்று ஓர் அதிகாரி உன்னை விசாரிக்க வருவார். ஒன்றும் பயமில்லை. நோய்க்கால உதவித்தொகை விஷயமாக வந்தேன், பேச்சுவாக்கில் தேர்தலும் வந்தது என்று சொல்லிவிடு. அவ்வளவுதான்.

எல்சியின் அன்புடன்,
ஆர்வோ


ஆல்டர் பே
21 ஜனவரி 1979

அன்புத் தம்பிக்கு,

எல்சிக்கு ஏன் வீண் சிரமம், அவள் இடுப்பு வலியோடு. மேலாடை என்னிடம் இருக்கிறது. நீ உப்பைக் குறை.

"போன வீடுகளில் உன் வீடும் ஒன்று" என்று எழுதியிருக்கிறாய். இதுவரை நான் அப்படி நினைத்திருக்கவில்லை. போன ஞாயிறு கோயிலில் ஐலி சாரியைப் பார்த்தேன். அவள் புருஷன் கை நசுங்கி வீட்டில் இருந்தானே, அவனையும் அதே புதன்கிழமை வந்து பார்த்தாயாம். உட்கார்ந்து ஏலக்காய் ரொட்டி தின்றாயாம், விறகு கூடப் பிளந்து கொடுத்தாயாம். "தலைவருக்கு எவ்வளவு நல்ல மனசு!" என்று அவள் மெச்ச மெச்ச எனக்கு வயிறு எரிந்தது.

உதவித்தொகைப் பேச்சு என் காதில் விழவே இல்லை. நீ அத்தானைக் குளிப்பாட்டியபோது நான் துண்டை மடியில் வைத்துக்கொண்டு சவுனாவின் வெளி அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர்.

அதிகாரி வரட்டும். சாகக் கிடந்த மனுஷரைக் குளிப்பாட்ட என் தம்பி வந்தான் என்று சொல்கிறேன். அது போதாதா?

அக்கா


டுலூத்
29 ஜனவரி 1979

அக்கா,

உன் சுகம் விசாரிக்கக்கூட எனக்கு நிதானமில்லை, கோபித்துக்கொள்ளாதே.

போதாது. நீ சொல்வதாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட மோசம். தம்பியாக வந்தேன் என்றால் சொந்த வேலையாக வந்தேன் என்று ஆகும். சொந்த வேலைக்கு ஏன் சங்கத்துக் கார், ஏன் அன்றைய சம்பளம்? அங்கே ஓட்டும் கேட்டேன் என்றால், ஓட்டுக்காகத்தான் வந்தேன் என்று எழுதி மூடிவிடுவார்கள். சங்க வேலையாக வந்தேன் என்று நீ சொன்னால்தான் மற்றது போகிற போக்கில் என்று ஆகும். வக்கீல் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். தம்பி, அத்தான் என்கிற வார்த்தைகளே உன் வாயில் வரக் கூடாது.

எனக்கு ஐம்பத்தாறு ஆகிறது அக்கா. இந்தப் பதவி போனால் திரும்ப ஆலைக்குப் போய்க் காகிதக் கூழ்த் தொட்டிப் பக்கத்தில் நிற்க வேண்டும். என் நெஞ்சு தாங்காது. நம் அப்பா சர்க்கார் ஆளை வாசற்படி தாண்ட விட்டதே இல்லை. அவர் மகள் கார்வரைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தம்பியைக் காட்டிக்கொடுத்தாள் என்று ஊர் பேச வேண்டுமா?

யோசித்து எழுது.

ஆர்வோ


ஆல்டர் பே
11 பிப்ரவரி 1979

தம்பி ஆர்வோவுக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நான் நலம். உன் நெஞ்சைப் பற்றிப் படித்ததிலிருந்து கவலையாகத்தான் இருக்கிறது.

அப்பாவை இழுத்திருக்கிறாய். சவுனாவுக்குள் குரலை உயர்த்தினாலே வெளியே அனுப்பிவிடுவார் அப்பா. சண்டை, வியாபாரம், சங்கம் எல்லாம் கதவுக்கு வெளியே. அது உனக்குத் தெரியாதா? அன்று என் காதில் விழுந்ததை எழுதுகிறேன். மூன்று மாதமாக இதை மென்று விழுங்க முடியாமல் இருக்கிறேன்.

"ஓட்டுச்சீட்டு வந்திருக்குமே அத்தான்?"

"வந்துச்சு."

"இந்தத் தடவை கொஞ்சம் இழுபறியா இருக்கு."

"இங்க வேண்டாம்டா ஆர்வோ. வெளிய போய்ப் பேசிக்கலாம்."

"நான் உடனே கிளம்பணும். இன்னும் ரெண்டு ஊர் பாக்கி இருக்கு."

சூடேறிய கல்லில் நீ தண்ணீர் ஊற்றினாய். நீராவி சீறி அடங்கியது. அப்புறம் அவர்தான் பேசினார்.

"லூயிக்குன்னு சொல்லிட்டேன்டா. வாக்குக் குடுத்துட்டேன்."

"லூயியா உங்களைத் தூக்கிட்டு வந்தான் அத்தான்?"

"சரிடா. உனக்கே போடறேன். இறக்கி விடு, மூச்சு முட்டுது."

தானாக இறங்க முடியாத மனுஷரைச் சூடு அதிகமான மேல் பலகையில் உட்கார வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறாய். அன்று மாலையே என்னைச் சீட்டை எடுக்கச் சொன்னார். அவர் கை நடுங்கியதால் உன் பெயருக்கு நேரே நான்தான் குறி போட்டேன். "லூயிகிட்ட சொல்லிடாத ஹில்மா" என்றார். அதற்குப் பிறகு லூயி வந்தபோதெல்லாம் தூங்குகிற மாதிரியே படுத்திருந்தார். தன் மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு லூயி மீனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். சமாதானம் ஆகாமலே ஒருவர் போய்விட்டார்.

இத்தனைக்குப் பிறகும் நான் உன் அக்காதான். கார்வரிடம் நீ சொல்லச் சொன்னதையே சொல்கிறேன். உதவித்தொகை என்கிறேன், போகிற போக்கு என்கிறேன். ஆண்டவன் சன்னிதியில் அதற்குப் பதில் சொல்லிக்கொள்கிறேன். பதிலுக்கு எனக்கு ஒரே ஒரு வரி எழுது. "அத்தானைப் பார்க்கத்தான் வந்தேன்" என்று எழுது. பொய்யாக இருந்தாலும் எழுது. யாரிடமும் காட்ட மாட்டேன், படித்ததும் அடுப்பில் போட்டுவிடுகிறேன். எனக்கு அது வேண்டும் தம்பி. அந்த ஒரு நாளையாவது நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டுவேன்.

மாத்திரை சாப்பிடு.

உன் அக்கா ஹில்மா


வடகரைக் காகித ஆலைத் தொழிலாளர் சங்கம்
தலைமை அலுவலகம், டுலூத்
26 பிப்ரவரி 1979

திருமதி ஹில்மா அவர்களுக்கு,

தாங்கள் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறோம். தங்கள் 11ஆம் தேதிக் கடிதம் கிடைக்கப்பெற்றது.

கடந்த அக்டோபர் 25 அன்று தங்கள் இல்லத்துக்குச் சங்கத் தலைவர் வந்தது, நோய்வாய்ப்பட்ட உறுப்பினர்களைச் சந்திக்கும் வழக்கமான சங்கப் பணியின் பகுதியாக மட்டுமே. அச்சந்திப்புக்குக் குடும்ப உறவோ வேறு தனிப்பட்ட நோக்கமோ காரணம் அல்ல. தேர்தல் குறித்து ஏதேனும் பேசப்பட்டிருப்பின் அது தற்செயலானதே.

மறைந்த உறுப்பினர் ஓன்னி அவர்களின் சேவையைச் சங்கம் நன்றியுடன் நினைவுகூர்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஆர்வோ
தலைவர்

நகல்: சங்க வழக்கறிஞர்


ஆல்டர் பே
12 மார்ச் 1979

மதிப்புக்குரிய சங்கத் தலைவர் அவர்களுக்கு,

தங்களுக்கும் தங்கள் வழக்கறிஞருக்கும் ஆரோக்கியத்தை வேண்டுகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு வரி கேட்டேன், தட்டச்சில் அழகாகப் பல வரிகள் வந்திருக்கின்றன. குடும்ப உறவு காரணம் அல்ல என்பதைத் தெளிவாகவே சொல்லிவிட்டீர்கள். என் மனதில் இருந்த பாரம் அதோடு இறங்கிவிட்டது. தம்பிக்காக என்றால் பொய் சொல்லியிருப்பேன். சங்கத் தலைவருக்காகப் பொய் சொல்ல எனக்கு என்ன வந்தது?

திரு. கார்வர் வியாழக்கிழமை வந்தார். சின்ன வயது, காலில் நகரத்து ஷூ, பனியில் நனைந்து போயிருந்தார். அடுப்புப் பக்கம் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். மேல் பலகை, லூயிக்குக் கொடுத்த வாக்கு, நான் போட்ட குறி எதையும் விடவில்லை. ஐலி சாரி வீட்டு விறகையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, சட்டத்துக்கு எது முக்கியமோ அதைக் கேட்டார்.

"அம்மா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வேற வேலையா வந்தவரு போற போக்குல ஓட்டுக் கேட்டாரா?"

"இல்லீங்க. ஓட்டுக் கேக்கத்தான் வந்தாரு. போற போக்குல எங்க வீட்டுக்காரரைக் குளிப்பாட்டிட்டுப் போனாரு."

எழுதிக்கொண்டிருந்த பிள்ளை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தது. "அதை அப்படியே எழுதுங்க தம்பி" என்றேன். எழுதிப் படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

தங்கள் இல்லத்தாரைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
மறைந்த உறுப்பினர் ஓன்னியின் மனைவி ஹில்மா


டுலூத்
25 ஜூன் 1979

என் அன்பு அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? வெயில் வந்ததும் முழங்கால் தேவலையா? நானும் எல்சியும் நலம். ரத்த அழுத்தம் இப்போதுதான் ஒரு நிலைக்கு வந்திருக்கிறது.

உனக்குச் செய்தி வந்திருக்கும். சர்க்கார் ஆட்கள் முன்னாலேயே திரும்பத் தேர்தல் நடந்து முடிந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் அக்கா, இந்தத் தடவை சாதாரண வித்தியாசம் இல்லை. ஆல்டர் பேயிலேயே லூயிக்கு ஓட்டு விழவில்லை. சங்கத்துச் சண்டைக்குச் சர்க்காரைக் கூட்டிக்கொண்டு வந்தவன் என்று நம் ஆட்கள் அவன் முகத்தில் விழிக்கவே இல்லையாம். இந்தத் தடவை நான் யார் வீட்டுக்கும் போகவில்லை. போக வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

உன்மேல் எனக்குத் துளிக்கூட வருத்தம் இல்லை. உன்னைச் சும்மா விடக் கூடாது என்று சிலர் சொன்னார்கள், நான்தான் அடக்கி வைத்தேன். பிப்ரவரியில் வக்கீல் என் கையைக் கட்டிப் போட்டிருந்தார், ஒரு வார்த்தை சொந்தமாக எழுத விடவில்லை. இப்போது யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. நீ கேட்டதை எழுதுகிறேன்: அத்தானைப் பார்க்கத்தான் வந்தேன். என் கையால் எழுதியிருக்கிறேன், பார்.

ஜூலை 7, சனிக்கிழமை எல்சியோடு வருகிறேன், சொந்தக் காரில், சொந்தச் செலவில். பழையதை மறந்துவிட்டு ஒன்றாக உட்கார்ந்து காப்பி சாப்பிடலாம்.

உன் தம்பி,
ஆர்வோ


ஆல்டர் பே
1 ஜூலை 1979

ஆர்வோவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருப்பது தெரிந்து சந்தோஷம். எனக்கு முழங்கால் பரவாயில்லை.

உங்கள் சனிக்கிழமைக்கு முன்னால் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும் என்று நானே தபால் நிலையத்துக்கு நடந்து போய்ப் போடப் போகிறேன். லெம்பி இப்போது என்னோடு பேசுவதில்லை. கடையில் நான் வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். லூயி வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு மேற்கே போய்விட்டான். போகும்முன் வந்து விடைபெற்றுக்கொண்டான். ஓன்னி ஏன் தன்னிடம் பேசாமல் இருந்தார் என்பதை என் வாக்குமூலத்தில்தான் தெரிந்துகொண்டானாம். "அட, எங்கிட்ட சொல்லியிருந்தா 'போட்டுத் தொலை'ன்னு சொல்லியிருப்பேனே ஹில்மா, ஒரு ஓட்டுதானே" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்று அழுதான்.

நீ எழுதிய வரியைப் படித்தேன். நான் சொன்னபடி அடுப்பில் போட்டுவிட்டேன். அது பொய் என்பதால் இல்லை ஆர்வோ. பொய்யாக இருந்தாலும் எழுது என்று நான்தானே கேட்டேன். எழுதினால் உனக்கு நஷ்டம் என்று இருந்த நாளில் நீ எழுதவில்லை. இப்போது எழுதுவதால் உனக்கு ஒன்றும் போகப்போவதில்லை, எழுதியிருக்கிறாய். உண்மையாகவே அத்தானைப் பார்க்கத்தான் வந்தாயோ என்னவோ. இனி அதை எப்படித் தெரிந்துகொள்வது?

எல்சி வரட்டும், அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை. நீ வருவதாக இருந்தால் சனிக்கிழமை வராதே. அலுவலகம் திறந்திருக்கிற நாளில், சங்க வேலையாக வா. தலைவர் வந்தால் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, கேட்டதற்குப் பதில் சொல்லி அனுப்ப எனக்குத் தெரியும். தம்பி வந்து வாசலில் நின்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஹில்மா